மன்னார்குடியில் ஒரு சர்வீஸ் கடை: ஆன் ஆகாத டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பது பின்னால் வரும். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் தம்பி, இருக்குற வேலையே முடியல" என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். பந்தலடியிலிருந்து நடந்து போகிற தூரம், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ஷட்டர், வாசல் வரைக்கும் வயிறு திறந்து கிடக்கும் கேபினெட்டுகள். பெயர்ப் பலகை கூட இல்லை. ஆரம்பத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தார். அதனால் அக்கம்பக்கத்தில் இன்னமும் ரேடியோக் கடை என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு நீடாமங்கலத்தில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. மெஷின் பழசு. ஹெச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம். புதுசு வாங்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பேஜ்மேக்கரும் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் இந்த மெஷினில்தான் சண்டை போடாமல் ஓடுகின்றன. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே டிசைனில் தம்பிக்கும் வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதனால் இது ஆன் ஆகவில்லை என்றால் எனக்குக் கடையே ஆன் ஆகவில்லை என்று பொருள். கோளாறு வந்ததும் எப்போது? ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்திருக்கிற ஆடிக் கடைசியில்.

நின்ற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் இன்னதென்பது அதிலேயே இருந்தது. திடீரென்று ஒரு நாள் சாகவில்லை. சில வாரமாகவே காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் ஒரு துடிப்பு துடித்துவிட்டு நின்றுவிடும். திரும்பத் திரும்ப அமுக்கினால் ஏதோ ஒரு தடவை பிடித்துக்கொள்ளும், அப்புறம் ராத்திரி வரை ஒரு தொந்தரவும் இருக்காது. மறுநாள் காலை மறுபடியும் அதே பிடிவாதம். ஒரு நாள் துடிப்பும் இல்லை. சுவிட்ச் போர்டில் டேபிள் ஃபேன் ஓடுகிறது, பவர் கேபிளை மானிட்டர் கேபிளோடு மாற்றிப் பார்த்தாயிற்று, எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டி, அதன் பின்னால் இருக்கிற சுவிட்சும் ஆனில்தான் இருக்கிறது. கேபினெட்டைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. பட்டனை அமுக்கினால் எதுவுமே இல்லை.

முதலில் பக்கத்திலேயே வேறொரு கடையில் காட்டினேன். அங்கே மெஷினைத் திறக்கவில்லை. பச்சை விளக்கு எரிவதை ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு, "கரண்ட் வருது, ஆன் ஆகல, அப்ப போர்டு போச்சு" என்றார்கள். இந்த போர்டு இப்போது வருவதில்லை, ரீஃபர்பிஷ்டு செட் ஒன்று இருக்கிறது, பதினாலாயிரம் ஆகும், பழசுக்கு ஐந்நூறு கழித்துக்கொள்ளலாம் என்று கையோடு விலையும் சொல்லிவிட்டார்கள். கேட்பதற்குத் தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அதில்தான் ஓட்டை இருக்கிறது என்பது மன்னார்குடிக்குப் போன பிறகு தெரிந்தது.

மன்னார்குடிக்காரர் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார். "ஆன் ஆவலையா, டிஸ்ப்ளே வரலையா?" இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்போம். இல்லை. ஃபேன் ஓடி, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு அமுக்க அமுக்க மாறி மாறி எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, கோளாறு மானிட்டரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ஃபேன் ஓடி, கேப்ஸ் லாக்கும் அசையாமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ராம். கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அழி ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்கிறார். ஃபேனே ஓடவில்லை என்றால்தான் அது பவர் விஷயம். தன்னிடம் "ஆன் ஆகல" என்று வருவதில் கணிசமானவை மானிட்டர் கேபிளும் ராமும்தான் என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திருந்தார். காலையில் மட்டும் பிடிவாதம், பிடித்தால் ராத்திரி வரை ஓடும் என்று சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப போர்டு இல்ல, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றவில்லை.

சோதனை செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், இந்த விமர்சனத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா வயர்களையும் போர்டிலிருந்து பிடுங்கினார். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், கறுப்பு நிறைய இருக்கும். ஒரு சின்னக் கம்பியை வளைத்துப் பச்சையையும் ஒரு கறுப்பையும் சேர்த்துச் செருகினார். நாம் பட்டனை அமுக்கும்போது போர்டு செய்கிற வேலையும் இதுதானாம், பச்சையைக் கறுப்போடு சேர்ப்பது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. யூடியூபில் பார்க்கிற எல்லா வீடியோவும் இந்த இடத்தோடு முடிந்துவிடும், எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு, போர்டுதான் அவுட் என்று சொல்லிவிடுவார்கள். இவர் முடிக்கவில்லை. மல்டிமீட்டரில் மஞ்சள் வயரைப் பார்த்தார், பன்னிரண்டுக்கு மேலே கொஞ்சம். சிவப்பு ஐந்து, ஆரஞ்சு மூன்று புள்ளி மூன்று. எல்லாம் சரி. அப்புறம் ஒரு பழைய கார் ஹெட்லைட் பல்பை எடுத்து மஞ்சள் வயரில் மாட்டினார், அறையே வெளிச்சமானது, வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கி 11.7-இல் நின்றது. "இது பாஸ். பன்னெண்டு வோல்ட்டுல அஞ்சு பர்சென்ட் கூடக் கொறைய இருக்கலாம், 11.4-க்குக் கீழ போனாத்தான் தப்பு."

அடுத்து ஊதா வயர். இதை நான் எந்த வீடியோவிலும் கவனித்ததில்லை. கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும், சுவரில் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை இந்த ஒரு வயரில் மட்டும் ஐந்து வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பட்டனை அமுக்கியதும் போர்டு கண் விழிப்பதே இந்த ஐந்து வோல்ட்டால்தான். மீட்டரை வைத்தார், 5.0 காட்டியது. நானும் சரியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் வெள்ளைச் செங்கல் மாதிரி இருந்த ஒரு ரெசிஸ்டரை ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். ஒரு ஆம்பியர் சுமைதான், போர்டு ஆன் ஆகிற நேரத்தில் எடுக்கக்கூடிய அளவுதான். மீட்டர் 4.2-க்கு வந்துவிட்டது. எடுத்தால் மறுபடி ஐந்து. வைத்தால் 4.2. வாய்க்காலில் தண்ணீர் நிற்பது தெரிகிறது, மடையைத் திறந்தால் வயலுக்கு ஏறமாட்டேன் என்கிறது, அப்படி. பச்சை விளக்கு எரிய அந்தத் தண்ணீர் போதும், அதனால்தான் எரிந்தது. மெஷின் எழுந்திருக்கப் போதாது. முதல் கடைக்காரர்கள் பார்த்ததும் அதே விளக்கைத்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தும் காட்டினார். இதை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அவர் அதை முதலில் வடித்துவிட்டுத்தான் கை வைத்தார். ஓரத்தில் விரல் நுனி அளவுக் கெப்பாசிட்டர் ஒன்று, மண்டை உப்பி, மேலே சிலுவைக் கோடு பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. ஊதா வயருக்கான கெப்பாசிட்டர் அது. மற்றதெல்லாம் நன்றாக இருக்க இது மட்டும் ஏன் போனது என்று கேட்டேன். மற்றவை நாம் வேலை செய்யும்போது மட்டும் உழைக்கின்றன, இது சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிற நேரம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும், சூட்டில் வேகிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஃபேன் காற்றும் இல்லாமல் உழைக்கிறது. நான் என்றைக்குச் சுவர் சுவிட்சை அணைத்தேன்? காலைப் பிடிவாதத்துக்கும் காரணம் இதுதான். உள்ளே இருக்கிற திரவம் வற்றிப்போன கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் ஓரளவு தேறும்.

அந்த ஒரு கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியுமா என்றால் முடியும், ஐம்பது ரூபாய் வேலை. அவரே அப்படித்தான் சொன்னார். ஆனால் லேபிளைத் திருப்பிக் காட்டினார். கேபினெட்டோடு சேர்த்து வந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்துக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். இந்தக் காலத்து மெஷின் தின்பதில் பெரும்பகுதி அந்த 12 வோல்ட் வழியாகத்தான். ஆக 450 என்பது பெட்டிக்கு வைத்த பெயர். கடையில் எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் அந்த இடத்தில் முப்பது ஆம்பியரை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும், தூக்கிப் பார்த்தாலே கை வித்தியாசம் சொல்லும்.

அவரிடமே லோக்கல் பெட்டி நாலைந்து அடுக்கி இருந்தது. விற்கலாம். "இது பில்லிங் கவுன்ட்டருக்குப் போதும். நீங்க ராத்திரி பகலா ஓட்டுறவரு, பில்லோட நல்லதா வெளியிலயே வாங்கியாங்க, வாரன்ட்டி உங்க கையில இருக்கும்" என்றார். தஞ்சாவூரில் ஒரு கடையில் 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதாக இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். தன் கடைச் சரக்கை விட்டுவிட்டு வேறு கடைக்கு அனுப்புகிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டினதும் மெஷின் எழுந்தது. நாலு செகண்ட் ஓடிவிட்டு அணைந்தது. மறுபடி அமுக்கினால் மறுபடி நாலு செகண்ட். எனக்குப் பதினாலாயிரம் கண் முன்னால் வந்து போனது. அவர் சிரித்தார். பவர் பட்டனை விடாமல் நாலு செகண்டுக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் கம்ப்யூட்டர் கட்டாயமாக அணைந்துவிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஹேங் ஆனால் அதைத்தானே செய்கிறோம். இங்கே யாரும் பிடித்திருக்கவில்லை, ஆனால் பட்டனே உள்ளே சிக்கிக்கொண்டு, யாரோ பிடித்திருப்பதாக போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்பக்கத்திலிருந்து வருகிற அந்தச் சின்ன இரண்டு வயர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தட்டு தட்டினார். மெஷின் எழுந்து, விண்டோஸ் வரைக்கும் போய், அணையாமல் ஓடியது.

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் துரு, அதற்கு மேல் எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண். புது சுவிட்ச் போடவில்லை. ரீசெட் பட்டனின் வயரை எடுத்து பவர் பின்னில் மாட்டிவிட்டார். "ரீசெட்ட யாரு அமுக்குறா இப்பல்லாம்?" வாஸ்தவம்தான். காசும் வாங்கவில்லை. இப்போது என் மெஷினைப் பெரிய பட்டனால் ஆன் செய்ய முடியாது, பக்கத்தில் இருக்கிற குட்டிப் பட்டன்தான். இது தெரியாமல் நான் இல்லாத நேரத்தில் யாராவது பெரிய பட்டனை அமுக்கிவிட்டு "மறுபடி போச்சு" என்று போன் செய்வது தனிக் கதை.

இரண்டு கோளாறும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். முதல் கோளாறைச் சரி செய்த பிறகும் மெஷின் தொடர்ந்து ஓடவில்லை என்றால் அவசரக்காரர் "எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தியாச்சு, அப்ப போர்டுதான்" என்று முடித்திருப்பார், நானும் நம்பியிருப்பேன். போர்டு போச்சு என்பது எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிச்சம் இருந்தால் சொல்ல வேண்டியது, அவர் கடையில் அதை அப்படித்தான் சொல்கிறார். நான் உட்கார்ந்திருந்தபோதே இன்னொருவருக்கு அதைச் சொன்னார். ராம் இல்லாமல், ஹார்ட் டிஸ்க் இல்லாமல், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், வெறும் போர்டும் பிராசஸரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் வைத்து, சிமாஸ் பேட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான். அந்தப் பேட்டரி, சிஆர்2032 என்று நாணயம் போல இருக்குமே, அது போனால் பொதுவாகத் தேதிதான் மாறும், ஆனால் சில போர்டுகள் அது செத்துவிட்டால் கிளம்பவே மறுக்கும். நாற்பது ஐம்பது ரூபாய் சாமானுக்காகப் போர்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டாம்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "கேபினெட்டத் தொட்டா சுள்ளுங்குதா?" ஆமாம், வெறுங்காலோடு இருந்தால் சுள்ளென்று இருக்கும், வருஷக்கணக்காகப் பழகிவிட்டது. எர்த் இல்லை என்றார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபில்டருக்காக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்து தகரப் பெட்டியோடு இணைந்திருக்கும், எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் பெட்டியில் பாதி மெயின் வோல்ட்டேஜ், நூறு நூற்றுப்பத்து, மெலிதாக நின்றுகொண்டிருக்கும். ஆளைக் கொல்கிற அளவு கரண்ட் இல்லை, ஆனால் பிரிண்டர், பென் டிரைவ், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் செருகும்போது போர்டில் எதையாவது சுட்டுவிடலாம். மூன்று பின் பிளக்கில் மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லாத பழைய வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை! எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தால், எர்த் வயர் இருந்தது, கொல்லையில் பைப்போடு சேருகிற இடத்தில் அரித்து அறுந்து போயிருந்தது. சரி செய்ததும் அந்தச் சுள் நின்றுவிட்டது. இதைச் சொன்னதற்கு அவர் காசு கேட்க முடியாது, ஆனால் இந்தச் செலவில் மிகவும் உருப்படியானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லோ வோல்ட்டேஜால்தான் மெஷின் போகிறது என்பது நம் ஊர் நம்பிக்கை, வயலில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது பல்பு மங்குவதைப் பார்த்துப் பார்த்து வந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் நூறு வோல்ட்டிலிருந்து 240 வரை வாங்கிக்கொள்ளும், மங்கலைத் தாங்கிவிடும். கொல்வது கரண்ட் போய்விட்டுத் திரும்பி வருகிற அந்த முதல் நொடியும், காற்று மழையில் நியூட்ரல் அறுந்து இருநூற்று முப்பதுக்குப் பதில் முந்நூற்றைம்பது, நானூறு என்று வருகிற நேரமும்தான். கட் ஆனால் சுவிட்சை அணை, வந்த பிறகு சில நிமிஷம் பொறுத்துப் போடு, இதுதான் அவர் தருகிற ஸ்டெபிலைசர். ஐப்பசி கார்த்திகை இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கோடு நெட் வயரையும் பிடுங்கச் சொல்கிறார். பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெட் வயரை விட்டதால், அதன் வழியாக வந்த இடியில் போர்டு போன மெஷின் ஒன்று அலமாரியில் இருக்கிறது.

அந்த அலமாரியைப் பற்றியும் கொஞ்சம். காத்திருக்கிற நேரத்தில் அதுதான் பொழுதுபோக்கு. மெஷினைப் பார்த்தே ஊரையும் தொழிலையும் சொல்லிவிடுகிறார். ரைஸ் மில் எடைமேடைக் கம்ப்யூட்டர் என்றால் பிராசஸரின் சூட்டை இறக்குகிற ஹீட் சிங்க்குக்குள் உமித் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், ஃபேன் சுற்றும், காற்று போகாது, சூடேறி அணையும். உரக்கடை மெஷின் இன்னும் மோசம். உரத்தூசி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், செம்புக் கோடெல்லாம் பச்சை பூத்துவிடும், ராம் ஸ்லாட் அரித்துப் போகும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து மெஷின்களில் ஸ்க்ரூவே கழறாது, உப்புக்காற்றில் தலை கரைந்திருக்கும். பல்லி ஒன்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழைந்து ஷார்ட் ஆகித் தானும் போய் மெஷினையும் கொண்டுபோனதை அப்படியே வைத்திருக்கிறார், நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையேறிய பிறகு இங்கே வந்து குவிந்த மெஷின்களைப் பற்றி அவர் சொன்னது கேட்க வேண்டியது. ஓடு பறந்து மழையில் நனைந்ததில் செத்ததைவிட, ஈரம் காயாமல் ஜெனரேட்டரில் போட்டுப் பார்த்ததில் செத்ததுதான் அதிகமாம். நனைந்த மெஷினை ஆன் செய்து பார்க்காதே, பேட்டரியைக் கழற்று, பிரித்துக் காயவை, பொறுமையாக இரு.

இனிக் குறை. போன் எடுக்க மாட்டார். எப்போது முடியும் என்று கேட்டால் "பாப்போம்" என்பதைத் தாண்டி ஒரு பதில் வராது, எனக்கு ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது அந்த "பாப்போம்" எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி மாளாது. ஒருவர் கடை, அவர் கல்யாணம் காட்சிக்குப் போய்விட்டால் ஷட்டர்தான். வீட்டுக்கு வரமாட்டார். மடிக்கணினி பார்ப்பதில்லை. பில் கிடையாது, வாரன்ட்டி என்பது வாய்ச்சொல், அதைக் காப்பாற்றுகிறார் என்று கேள்விப்பட்டாலும் ஆபீஸ் கணக்குக்கு ரசீது வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது. பேச்சும் சில நேரம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். என் கண் முன்னாலேயே ஒருவரிடம், "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, எடைக்குப் போடுங்க" என்றார். பாவம், அவர் மகன் படித்த மெஷினாம். நியாயம்தான் என்றாலும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். கழித்த அந்த ஒரு மார்க் இதற்கெல்லாம் சேர்த்து, குறிப்பாக அந்தப் "பாப்போம்"-க்கு.

பிடித்த இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மெஷினை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிடுகிறார். பவர் கோளாறு பார்க்க டிஸ்க் தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. ஊரார் வீட்டுப் போட்டோவும் ஆதார் நகலும் நிறைந்த என்னைப் போன்ற டிடிபிக்காரனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வேறு எங்கே கொடுத்தாலும் இதை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு: பார்க்க இருநூறு, வேலை நடந்தால் அது கூலியில் கழிந்துவிடும். எனக்குக் கூலி மொத்தம் நானூறு, எஸ்எம்பிஎஸ் தனி. வாரன்ட்டி இருக்கிற புது மெஷின் என்றால் இங்கே கொண்டுவராதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள், திறந்தால் வாரன்ட்டி பிரச்சினை வரலாம் என்று அவரே திருப்பி அனுப்பிவிடுவார். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன, கையால் பூட்டிய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், "போர்டு போச்சு" என்று எங்காவது கேட்டுவிட்டு வந்தவர்கள், இவர்கள் தயங்காமல் போகலாம்.

போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேறு பிளக், வேறு கேபிள், எஸ்எம்பிஎஸ் பின்பக்கச் சுவிட்ச். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள், 115-இல் இருந்து நம் கரண்டில் போட்டால் வெடித்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்து, தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், சில மெஷின் இதிலேயே எழுந்துவிடும். எழவில்லை என்றால் கேபினெட்டை மட்டும் கொண்டுபோனால் போதும், மானிட்டர், கீபோர்டு, பவர் கேபிள் எல்லாம் அங்கே இருக்கிறது. பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் கேபினெட்டைப் படுக்க வைத்துக்கொண்டு போங்கள், நிமிர்த்தி வைத்தால் நம் ரோட்டுக் குலுக்கலில் பிராசஸர் ஃபேன் கொக்கி விட்டுவிடும். செவ்வாய்க்கிழமை கடை இல்லை, மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் நாலு மணி வரை காத்திருக்க வேண்டும், காலை பத்தரைக்குப் போய்விடுங்கள்.